கைவினை விளக்கு: மூலமும் உரையும்

மூலம்

கைவினைக்கு விளக்குக் கொள்வார் முதற்கண் நிழலை நோக்குக. பின் நிறத்தை நோக்குக. அதன்பின் அளவை நோக்குக. விளக்குக் கண்ணுக்குத் தோன்றாது கைக்குத் தோன்ற வைக்க. பகல் உள்ளவரை பகலே விளக்கு.

உரை

கைவினைக்கு விளக்குக் கொள்வார்

கைவினைக்கு என்புழி நான்காம் உருபு பொருட்டுப் பொருளில் வந்தது. கைவினையின் பொருட்டு என்றவாறு. 'அறைக்கு' என்னாது 'கைவினைக்கு' என்றது என்னையெனின், ஓர் அறையில் பல வினை நிகழும். வினை வேறுபடின் அது வேண்டும் ஒளியும் வேறுபடும். துணி வெட்டுவார்க்கு மேசை முழுதும் ஒருபடித்தான ஒளி வேண்டும். தையல் மிஷினில் அமர்வார்க்கு ஊசி இறங்கும் விரலகல இடம் விளங்கினால் போதும். தஞ்சாவூர் ஓவியம் தீட்டுவார்க்குப் பொற்றாள் கூசாமை வேண்டும். ஆகலின் அறையின் நீள அகலம் கொண்டு விளக்குத் தேர்தல் கூடத்துக்கு ஒக்கும், கைவினைக்கு ஒவ்வாது என்பது பெற்றாம். இவ்வுரை, தையலும் ஆரி வேலையும் ஒருங்கே நிகழும் வீட்டு அறையொன்றைக் கண்முன் நிறுத்திக்கொண்டு செல்லும். நுண்ணிய ஊசி, பளபளக்கும் சரிகை, நிறம் பிழைக்கலாகாப் பட்டு என ஒளிக்குரிய இடர்ப்பாடெல்லாம் அங்கே ஒருங்கு கூடுதலின்.

கொள்வார் என்பது எதிர்கால வினையாலணையும் பெயர். கொண்டார் எனின் வாங்கியபின் வருந்துவாரைக் குறிக்கும். வாங்குமுன் கற்க வேண்டுவது இவ்வாசகம் என்பது அவ்வெதிர்காலத்தாற் குறித்தவாறு.

முதற்கண் நிழலை நோக்குக

முதற்கண் என்பது முதலிடத்து. நோக்குக என்பது கருத்தொடு காண்க என்னும் வியங்கோள். காண்க என்னாது நோக்குக என்றார், காண்டல் கண் பட்ட அளவிலும் நிகழும், நோக்கல் கருத்துச் சென்றவழியே நிகழும் ஆகலின்.

விளக்கு வாங்குவாரை நிழல் நோக்கச் சொல்லுதல் மாறுபாடன்றோ எனின், அன்று. கடையில் வாட்டு உண்டு, விலை உண்டு, ஈராண்டு வாரண்டி உண்டு, நிழல் இல்லை. அது வாங்குவார் வீட்டில் மட்டும் இருப்பது, எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படாதது. கடைக்குச் செல்லுமுன் அறையில் அமர்ந்தே அறிய வேண்டுவதாகலின் அதனை முன்வைத்தார்.

அறியுமாறு: வெள்ளைத் துணியொன்றை ஃபிரேமில் இறுக்கிக் கட்டி, இரவில் அறை விளக்கை மட்டும் ஏற்றி, வேலை செய்யும் வண்ணமே குனிந்து அமர்க. ஆரி ஊசியைத் துணிமேல் நிறுத்துக. நம் வீடுகளில் ட்யூப்லைட் சுவரின் மேற்புறம் இருக்கும். கட்டிலும் பீரோவும் இடம் கொண்டபின் எஞ்சிய மூலையே வேலைக்கு வாய்க்கும். ஆகலின் விளக்குப் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னதாம். அங்ஙனமாயின் முதலில் தலை நிழலும், அதனுள் கை நிழலும், அதனுள் ஊசி நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுதல் காணலாம். ஊசியின் கொக்கி நுனி நூலைப் பற்றும் இடமே அம்மூன்று நிழலும் கூடும் இடமாதல் காண்க. இதனை 'வெளிச்சம் பத்தவில்லை' என்று கொண்டு 9 வாட் பல்பை 20 வாட் ஆக்குவார் உளர். ஆக்கினும் விளக்குப் பின்னின்று நீங்காமையின் தலையின் நிழல் நின்ற இடத்தே நிற்கும். சுற்றிலும் வெளிச்சம் மிகுதலின் முன்னையினும் கருமையாகத் தோன்றும்.

தீர்க்குமாறு: வலக்கையால் ஊசி பிடிப்பார்க்கு விளக்கு இடப்புறத்து, சற்றே முன்னாக நிற்றல் வேண்டும். ஆரி வேலையில் வலக்கை துணியின்மேல் ஊசியை நிறுத்த, இடக்கை துணியின்கீழ் நூலை ஊட்டும். ஆகவே மேற்பரப்பில் நிழலிடும் கை வலக்கை ஒன்றே. இடமுன்னின்று வரும் ஒளி அந்நிழலை வலப்பின்னாகத் தள்ள, அடுத்த தையல் விழும் இடம் வெளியாம். மிஷினுக்கும் இதுவே முறை. மிஷினின் தூண் வலப்புறத்தும் ஊசி இடப்புறத்தும் இருத்தலின், வலப்புற ஒளியைத் தூணே மறைக்கும். இடக்கைப் பழக்கமுடையார் ஆரி வேலைக்கு இதனை மாற்றிக் கொள்க. மிஷினோ யாவர்க்கும் ஒருபடித்தாகலின் மாற்றம் வேண்டாது.

இனி, நிழல் என்னும் சொல் ஈண்டு ஒரு பொருளோடு அமையாது. அசையும் நிழலும் நிழலே. மின்விசிறியின் இறக்கைக்கு மேலே விளக்கிருப்பின், இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஒளியை வெட்டி வெட்டி மேசையில் எறியும். கூடத்தில் அது பொறுக்கத்தக்கது. ஃபிரேமில் மணி கோப்பார்க்கு அரைமணியில் தலைவலி தரும். விசிறி சுழலும் வட்டத்துக்குக் கீழாகவோ, விளக்குக்கும் மேசைக்கும் இடையே அவ்வட்டம் வாராத பக்கத்திலோ அதனை வைக்க. வெயிற்காலத்தில் விசிறியை நிறுத்தி வேலை செய்க என்பார் கூற்றுக் கொள்ளற்க. வியர்வை பட்டுத்துணியில் கறையாம்.

விளக்கே தன்னுள் நிழல் கொள்ளுதலும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவது. அதனால் மின்னோட்டத்தைச் சீராக்கும் செவ்விய டிரைவர் அமையாத எல்இடி நொடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்கும். கண் அதனை நேரே அறியாது. ஓடும் மிஷினின் சக்கரமோ அத்தகு விளக்கின்கீழ் மெல்லச் சுழல்வதுபோலவும், சிலபோது நின்றதுபோலவும் தோன்றும்; ஓடும் ஊசியை நின்றதென்று கொள்ளுதல் விரலுக்கு ஏதமாம். சோதிக்குமாறு: விளக்கின்கீழ் ஒரு பேனாவை விரைந்து அசைக்க, தொடர்ந்த மங்கலாகத் தோன்றின் நன்று, தனித்தனிப் பேனாக்களாகத் தோன்றின் அவ்விளக்கு ஆகாது. செல்பேசிக் கேமராவை விளக்கின் அருகே பிடிப்பின் திரையில் கரும்பட்டைகள் ஓடுதலும் இதற்கு அடையாளம்.

பண்டைத் தமிழில் நிழல் என்பது கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் எதிருருவுக்கும் பெயர். அப்பொருளும் ஈண்டுக் கொள்ளப்படும். சரிகையும் சம்கியும் சிறு சிறு கண்ணாடிகள் ஆகலின். ஒற்றைப் புள்ளியாய் எரியும் வெறும் பல்பின்கீழ் ஒரு சம்கியை வைத்துக் காண்க: தட்டின் நடுவே வெள்ளைப் பொறியொன்று தெறிக்கும், பொறியைச் சுற்றிய பகுதி கறுக்கும், ஊசி நுழைய வேண்டிய துளை அக்கருமையில் மறையும். அதே சம்கியைப் பால்நிற மூடியிட்ட நீண்ட பட்டை விளக்கின்கீழ் வைப்பின், தட்டு முழுதும் மெல்லிய வெண்மை பரந்து துளை தெளிவாம். இதனால், கைவினைக்குரிய விளக்கு அகன்ற முகமுடையதாதல் வேண்டும் என்பதும் நிழல் என்னும் ஒரு சொல்லாலேயே போந்தது.

பின் நிறத்தை நோக்குக

நிறம் என்றது துணியின் நிறமோ ஒளியின் நிறமோ எனின், இரண்டும். ஒளியின் நிறம் பிறழின் துணியின் நிறம் பிறழ்தல் ஒருதலை ஆகலின் விதந்து கூறாது பொதுவாக ஓதினார்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் வழங்குவர். 2700 முதல் 3000 வரை மஞ்சள் தோய்ந்தது. 4000 இயல்பான வெண்மை. 6500 நீலம் தோய்ந்த வெண்மை, கடையில் கூல் டேலைட் எனப்படுவது. 2700இன்கீழ் வெள்ளிச் சரிகை பொன்போல் மயக்கும். 6500இன்கீழ் பொற்சரிகை வெளிறும். ஆகலின் 4000க்கும் 5000க்கும் இடைப்பட்டது கைவினைக்கு அமைவுடையது. ஒரு மேசைக்கு இரு விளக்கிடுவார் இரண்டையும் ஒரே எண்ணில் வாங்குக. ஒன்று மஞ்சளும் ஒன்று நீலமுமாயின், வெள்ளைத் துணிமேல் பென்சில் ஒன்றை நிறுத்திய அளவில் ஒருபுறம் நீலநிழலும் ஒருபுறம் மஞ்சள்நிழலும் விழுதல் காணலாம். அத்துணியில் இன்ன நிறமென்று துணிந்து சொல்லுதல் அரிது.

பெட்டியில் 'டேலைட்' என்றிருத்தலின் அவ்விளக்கில் பகலிற்போல நிறம் தெரியுமெனின், அற்றன்று. அஃது ஒளியின் சாயலைச் சொல்லும்; துணியின் நிறத்தை உள்ளவாறு காட்டும் ஆற்றலைச் சொல்லாது. அவ்வாற்றலுக்கு வேறோர் எண் உண்டு, அது சி.ஆர்.ஐ. எனப்படும். 100 நிறைவு. பழைய குண்டு பல்பு 100ஐ ஒட்டியது. இன்று வீடுகளில் எரியும் எல்இடி பெரும்பாலும் 80 அளவிற்று. நிறம் தேர்வார்க்கு 90க்குக் குறையாதது வேண்டும்.

அவ்வெண்ணினுள்ளும் ஒரு நுட்பம் கற்பார் மறவாது கொள்ளற்பாலது. அது 8 மாதிரி நிறங்களின் சராசரி. அவ்வெட்டும் மென்மையான நிறங்கள். ஒன்பதாவதாகிய கடுஞ்சிவப்பு அச்சராசரியிற் சேராது, ஆர்9 என்று தனியே நிற்கும். எனவே எண் 80 என்றிருந்தும் சிவப்பில் மிகக் குன்றிய விளக்குகள் உள. நம்நாட்டுப் பட்டில் அரக்கும் குங்குமச் சிவப்பும் எத்துணை இன்றியமையாதன என்பது சொல்ல வேண்டா. அத்தகு விளக்கின்கீழ் அரக்குப் பட்டு உயிரற்ற காப்பி நிறமாகத் தோன்றும். அதற்கு இணையென்று எடுத்த நூல் மறுநாட் காலையில் இணையாகாது. பெட்டியில் ஆர்9 குறித்திருப்பின் அதனை நோக்குக. பூச்சியத்தை ஒட்டியதை விடுக.

இனி, ஒரு விளக்கின்கீழ் ஒன்றாய்த் தோன்றிய இரு நிறம் பிறிதோர் ஒளியில் வேறாதலை அறிவியலார் மெட்டாமெரிசம் என்ப. பெயர் புதிதாயினும் பொருள் பழையது. ஜவுளிக்கடையில் புடவையை மடியிற் போட்டுப் பார்த்தபின்னும், பிளவுஸ் துணியோடு சேர்த்து வாசற்படிக்குக் கொண்டுபோய் ஒருமுறை பார்த்துவரும் நம் மகளிர் வழக்கம் இதனை அறிந்த வழக்கமே. புடவைக்கும் பிளவுஸுக்கும் நூலுக்கும் ஏறிய சாயம் வேறு வேறாகலின், ஒரு விளக்கின்கீழ் அவை ஒத்தமை கொண்டு ஒத்தன என்றல் ஆகாது.

மயில்கழுத்து நிறத்துக்கு இவ்வளவும் போதா. அது பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமுமாய் நெய்யப்படுவது. நோக்குங் கோணம் மாற நிறமும் மாறும். அதற்கு நூல் தேர்வார் துணியை மேசையிற் கிடத்தி ஒருமுறையும், உடுத்தினாற்போல் தொங்கவிட்டு ஒருமுறையும் பார்க்க. கிடந்த துணிக்கு ஒத்த நூல் தொங்கும் துணிக்கு ஒவ்வாமை உண்டு. உடுப்பது தொங்கும் துணியே ஆகலின் அதனையே கொள்க.

சுவரும் விளக்கின் ஒரு கூறு. பச்சைச் சுவரிற் பட்டு மீளும் ஒளி பச்சை கலந்தே மேசையில் விழும். பணியிடத்தை அடுத்த சுவருக்கேனும் வெள்ளையோ வெளிர்ச் சாம்பலோ பூசுக.

அதன்பின் அளவை நோக்குக

அதன்பின் என்றது, நிழலும் நிறமும் அமைந்தபின். கடையில் முதலாவது கேட்கப்படுவது ஈண்டு மூன்றாவதாயிற்று. பிறர் 'அளவே முதல், ஏனைய பின்' என்பர். அது பொருந்தாது. என்னை? அளவு குறையின் விளக்கை நெருக்கி வைத்துத் தீர்க்கலாம். நிறம் பிழைத்த விளக்கை எங்கு வைப்பினும் பிழைத்ததே.

அளவு என்றது வாட்டு அன்று. வாட்டு என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். லூமென் என்பது உமிழும் ஒளி. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் வந்து விழும் ஒளி. கைவினைக்கு வேண்டுவது இம்மூன்றாவது. ஐரோப்பியர் தம் பணியிட ஒளி நியமத்தில் தையலுக்கு 750 லக்ஸும், கிழிசல் தெரியாமல் இழைகூட்டும் நுண்பணிக்கு 1500 லக்ஸும் குறித்தனர். ஆரி வேலையை இவ்விரண்டன் இடையே வைத்தல் தகும்.

9 வாட் எல்இடி ஏறத்தாழ 900 லூமென் தரும். அது மேசையினின்று 8 அடி உயரத்தில் வெறிதே தொங்கின் மேசைக்கு வந்து சேர்வது சிறிது. அதனையே கீழ்நோக்கிய மூடியிட்டு 2 அடிக்குக் கொணரின், தொலைவு நாலிலொன்றாக ஒளி 16 மடங்காம். ஒளி தொலைவின் வர்க்கத்தால் குறைவது ஆகலின். இது பல்புக்கு ஓதியது. நீண்ட ட்யூபுக்கு அருகில் இவ்விகிதம் முற்றும் பொருந்தாது.

நெருங்கிய விளக்கொன்று போதுமெனக் கொண்டு அறை விளக்கை அணைத்தல் ஆகாது. ஃபிரேம் மட்டும் பளிச்சிட்டுச் சூழல் இருண்டிருப்பின், நூற்கண்டு எடுக்கத் தலைநிமிரும் ஒவ்வொரு முறையும் கண் இருளுக்கும் ஒளிக்கும் மாறி மாறிப் பழக வேண்டும். அறை விளக்கு மங்கலாகவேனும் எரிக.

அளவு எல்லார்க்கும் ஒன்றோ எனின், அன்று. வயது ஏறக் கண்மணி சுருங்கும். கண்ணின் வில்லை மஞ்சளிக்கும். அறுபது வயதினர் விழித்திரைக்குச் சேரும் ஒளி இருபது வயதினர்க்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றிலொன்றே. ஒரே ஃபிரேமில் பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே அமரின், விளக்குப் பாட்டியின் பக்கம் இருத்தல் முறை.

கறுப்புத் துணியில் கறுப்பு நூல் இடுவார் எவ்வளவு ஒளி கூட்டினும் காணார். அவர்க்கு அளவு உதவாது. விளக்கைத் தாழ்த்தி ஒளியைத் துணியின்மேல் படுகிடையாக ஓடவிடின் இழைகள் புடைத்துத் தோன்றும். மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளின், இழையிடைத் துளைகள் கீழிருந்து வெளுத்துக் காட்டும்.

விளக்குக் கண்ணுக்குத் தோன்றாது கைக்குத் தோன்ற வைக்க

தோன்றாது என்பது விளக்கின் எரியும் முகம் தோன்றாது என்றவாறு. அதன் மூடியும் காலும் தோன்றுதல் குற்றமன்று. வைக்க என்பது வைத்தலின் அருமை குறித்தது. வாங்குதலோடு வினை முடியாது, வைத்தலில்தான் முடியும்.

அமர்ந்த நிலையில் மூடியின் கீழ்விளிம்பு கண்மட்டத்துக்குத் தாழ்ந்திருப்பின் எரியும் முகம் தோன்றாது. நிலையாக ஆணியடித்த விளக்கினும், மேசை விளிம்பைக் கவ்வி வளையும் கழுத்துடையது சிறந்தது. ஃபிரேமில் வேலை இடமிருந்து வலம் நகர, விளக்கும் உடன் நகர வேண்டும் ஆகலின். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு வைத்திருப்பார், பயன்படுத்தாதபோது அதனைத் துணியால் மூடுக. சன்னல் வெயில் அதன்வழிக் குவிந்து தீப்பற்றும்.

கைக்கு என்றது கை தொழிற்படும் இடத்துக்கு, ஆகுபெயர். இதன் உண்மையை மின்சாரத்துக்கு முன்பே கண்டவர் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் லேஸ் பின்னிய பெண்டிர். அவர் நீர் நிறைத்த கண்ணாடிக் குடுவைகளை ஒரு மெழுகுவத்தியைச் சூழ நிறுத்தி, ஒவ்வொரு குடுவையும் குவிக்கும் ஒளியைத் தத்தம் பின்னலின்மேல் விழச்செய்து, ஒரு சுடரில் பலர் இருந்து வேலை செய்தனர். சுடரைப் பெருக்க வழியில்லார் அதனைக் கைக்குக் கொணர்ந்த முறை அது.

பகல் உள்ளவரை பகலே விளக்கு

பகலே என்புழி ஏகாரம் பிரிநிலை. ஏனை விளக்குகளினின்று பிரித்தது. நிறம் காட்டுதலில் பகலை ஒப்பதோர் விளக்கின்மையின் இங்ஙனம் ஓதினார்.

பகல் என்றது பகலொளியை, வெயிலையன்று. வெயில் நேரே விழின் நிழல் கூர்மையாம், சரிகை கண்ணைப் பறிக்கும், பட்டு நாளடைவில் வெளிறும். வான்வெளிச்சமே ஈண்டுப் பகலாம்.

அதற்கு வடக்குச் சன்னலே சிறந்தது, அங்கு வெயில் வாராது என்பர் மேனாட்டு ஓவியர். அவர் நாட்டுக்கு அது மெய். நம் நாட்டுக்கு ஒரு திருத்தம் வேண்டும். சென்னை வட அகலாங்கு 13 பாகையில் உள்ளது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் ஞாயிறு நடுப்பகலில் அங்கே நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில், அஃதாவது சித்திரையின் நடுக்கூறு முதல் ஆவணித் தொடக்கம் வரை, அது உச்சிக்கு வடக்கே செல்லும். நடுப்பகல் வெயிலைச் சன்னலின் சன்ஷேடு தடுக்கும். காலையும் மாலையும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் சாய்ந்து வரும் வெயிலைத் தடாது. ஆகவே வடக்குச் சன்னலுக்கும் அம்மாதங்களில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணித் திரை வேண்டும். வெள்ளை என்றது, நிறத்திரை ஒளியையும் நிறமூட்டும் ஆகலின். கன்னியாகுமரி போலத் தெற்கே செல்லச் செல்ல இக்காலம் நீளும்.

சன்னலும் இடப்புறம் அமைய ஃபிரேமை இடுக. சன்னலுக்கு முதுகு காட்டின் முன்னர்ச் சொன்ன தலைநிழல். சன்னலை எதிர்நோக்கின் கண் கூசும். நிறம் தேரும் வேலையெல்லாம், அதாவது நூல் இணைத்தல், மணி பிரித்தல், பார்டருக்குச் சரிகை தெரிதல் என்பன, பகலுக்கு ஒதுக்குக. வரைந்த கோட்டின்மேல் சங்கிலித் தையல் நிரப்புவது இரவுக்கு ஆகும்.

உள்ளவரை என்பது எல்லை குறித்தது. அவ்வெல்லை எது? வெளியே வானம் வெளுத்திருப்பினும் அறையுள் பகல் முன்னரே முடியும். கண் மெல்ல மெல்லப் பழகுதலின், வேலையில் ஆழ்ந்தார் அதனை அறியார். அறிதற்கு ஒரு வழி உண்டு. கருநீல நூற்கண்டு ஒன்றும் கறுப்பு நூற்கண்டு ஒன்றும் ஃபிரேமின் ஓரத்தில் அருகருகே வைக்க. தலைநிமிரும்போதெல்லாம் அவற்றை ஒருமுறை நோக்குக. எது நீலம் எது கறுப்பு என்று ஐயம் எழுந்த அந்நேரமே விளக்கேற்றும் நேரம்.